டீமேக்கர் ஐயாவின் முதல் வாய்

சாப்பிட வரச் சொன்ன மனிதர் முதல் வாயை ஜன்னல் வழியாகத் துப்பினால் நீங்கள் என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. நான் மூன்று வருஷம் விடாமல் சோறு போட்டேன்.

அவர் எங்கள் தோட்டத்து டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோருக்குள் பச்சைக் கொழுந்தாகப் போவது கறுப்புத் தேயிலையாக வெளியே வர வேண்டும்; அதற்குப் பொறுப்பு டீமேக்கர். மேனேஜர் துரை ஒருநாள் வராவிட்டால் தோட்டம் சந்தோஷமாக ஓடும். டீமேக்கர் ஒருநாள் வராவிட்டால் கொழுந்து குவிந்து கிடந்து அவிந்து போகும். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீமேக்கர் ஐயா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்குப் பெயர் தெரியும், ஆனால் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, பதுளை டவுனிலிருந்து தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே கிளாக்கர். உத்தியோகத்தர்களுக்கு இரட்டை வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். மனைவி இறந்து பல வருஷமாகியிருந்தது. ஒரே மகள் கண்டியில் குடும்பமாக இருந்தாள். தனியாளாக உட்கார்ந்து கருகிப்போன ரொட்டியை முகம் சுளிக்காமல் அவர் தின்பதைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமையில நம்ம வீட்டுல சாப்புடுங்கண்ணே" என்று சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதல் ஞாயிறு கோழிக் குழம்பு வைத்தேன். குளித்து, தலை வாரி, பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையோடு வந்தார். குழம்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, காற்றையும் குழம்பையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தார். சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளியே நின்ற குரோட்டன் செடியின் மேல் துப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்து என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"பிளாட்," என்றார்.

அது தேயிலைக்காரர்களின் பாஷை. உயிர் இல்லாத தேயிலையை அப்படிச் சொல்வார்களாம். சொல்லிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார், அதையெல்லாம் ஒழுங்காக விழுங்கினார். முதல் வாய் மட்டும் குரோட்டனுக்கு.

ஸ்டோரில் அது தொழில். ஒரு காலையில் இருபது முப்பது கோப்பை ருசி பார்க்கிறவன் எல்லாவற்றையும் விழுங்கினால் நெஞ்சு படபடத்துச் செத்துப்போவான். அதனால் இழுப்பார்கள், துப்புவார்கள், ஒரு வார்த்தை சொல்வார்கள். சரி. ஆனால் என் கோழி என்ன கோப்பையிலா இருந்தது? அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முதல் வாயை இந்த மனிதரை விழுங்க வைக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள் வீடு கட்ட, பிள்ளை பெற, நகை வாங்க ஆசைப்படுவார்கள். என் ஆசை இதுவாக இருந்தது, சொல்ல வெட்கம்தான்.

வீட்டுக்காரரிடம் முறையிட்டுப் பயனில்லை. எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ரகம் அவர். நன்றாயிருக்கிறது என்றோ, நாசமாகப் போனது என்றோ அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வயிற்றில் புண் என்பதால் காரம் ஆகாது என்று தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். ஆகவே எங்கள் வீட்டில் கொச்சிக்காய்க்கு, அதாவது மிளகாய்க்கு, இடமில்லை. மிளகைத் தட்டி, அதையும் பயந்து பயந்து போடுவேன்.

டீமேக்கர் ஐயாவின் தீர்ப்புகளில் என்னை உண்மையிலேயே கலங்கடித்தது என்னவென்றால், அவை சரியாக இருந்தன. ஒருநாள் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டுப் எதிர் வீட்டுக்காரியோடு கதையில் நின்றுவிட்டேன். "ஸ்டூவி. அடுப்புல கூட நேரம் கெடந்துருக்கு," என்றார். தீபாவளிப் பாயசத்தில் சீனி என்று நினைத்து ஒரு கரண்டி உப்பைப் போட்டு, பதறி, மேலே சீனியைக் கொட்டிச் சமாளித்திருந்தேன். இழுத்தார், துப்பினார், என்னைப் பார்த்தார். "கை தவறிருச்சு போல," என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது நாக்கா, வேறு ஏதாவதா என்று தோன்றியது.

தோட்டம் முழுக்க அந்த நாக்குக்குப் பயந்தது. தொழிலாளர் லயத்தில் கல்யாணம் என்றால் பந்தி போடுமுன் அவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர் இழுத்துத் துப்பி ஒரு வார்த்தை சொல்லும் வரை மாப்பிள்ளை வீட்டார்கூடப் பசியோடு நிற்க வேண்டும். மாரியம்மன் திருவிழாவில் பூசாரி உள்ளங்கையில் ஊற்றிய பானகத்தையும், பழக்க தோஷம், கண்ணை மூடி இழுத்து, சன்னிதிக்கு வெளியே எட்டித் துப்பிவிட்டு, "பாடி பத்தாது," என்றார், வாயில் கனம் போதாது என்ற அர்த்தத்தில். பூசாரி சொம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, அந்த வருஷம் கொழுந்து நன்றாகத்தான் வந்தது. காய்ச்சலுக்கு டிஸ்பென்சர் கொடுத்த மிக்சரைத் துப்பிவிட்டு அதற்கு மட்டும் "பிரிஸ்க்" என்று பாராட்டுக் கொடுத்தார். பிரிஸ்க் என்றால் நாக்கில் சுறுக்கென்று நிற்பது. எனக்கு மூன்று வருஷத்தில் ஒருதரம்கூட அந்த வார்த்தை கிடைக்கவில்லை. கசப்பு மருந்துக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னலோரக் குரோட்டனைப் போலச் செழித்த குரோட்டன் அந்தத் தோட்டத்தில் துரை பங்களாவில்கூடக் கிடையாது.

அந்த நேரத்தில்தான் பதுளைக் கடைகளுக்கு நூடுல்ஸ் வந்தது. பஜாரில் நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. நானா மஞ்சள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துத் தட்டினார்.

"புதுச் சாமான் வந்தீக்கி, தங்கச்சி. கொதிக்கிற தண்ணீல போட்டா ரெண்டு நிமிஷம். உள்ளுக்கு மசாலாத் தூளும் ஈக்கி."

"எறைச்சி கிறைச்சி கலந்துருக்குமா நானா? கந்த சஷ்டி விரதம் வருது."

"இது மரக்கறி மசாலா. பயப்பட வாணாம். கொச்சிக்கா நல்லாப் போட்டு, கடைசீல சீனியில்லாத டின் பால் ஊத்தி ஆக்குங்க. கட்டியா, வழுவழுன்னு வரும். பால் சேந்தா ஒறைப்பு வயித்துக்கு ஒண்டும் செய்யாது."

எனக்குள் விளக்கு எரிந்தது. டீமேக்கர் ஐயா தன் ஜென்மத்தில் காணாத சாமான். எந்த அளவுகோலை வைத்து இதைப் பிளாட் என்பார்? வீட்டுக்காரரின் வயிற்றையும் பால் பார்த்துக்கொள்ளும். மூன்று பொட்டலம், சீனியில்லாத பால் ஒரு டின், தேத்தண்ணிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று சீனிப்பால் ஒரு டின், வெலிமடை லீக்ஸ் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். தெமோதரையில் இறங்கி மேலே ஏறும்போது பிடித்தது மழை. ஐப்பசி மழை எங்கள் பக்கம் பெய்தால் சாய்த்துத்தான் பெய்யும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், இரண்டு டின்னிலும் லேபல் ஊறிக் கழன்று கூழாகியிருந்தது. ஒரே அளவு, ஒரே உயரம், இரண்டும் மொட்டையாக நின்றன.

குலுக்கிப் பார்த்தேன். ஒன்று தண்ணீராகச் சலசலத்தது, மற்றது கனமாக அசைந்தது. நானா கட்டியாக வரும் என்றுதானே சொன்னார்? கட்டியானதை நூடுல்ஸுக்கு என்று எடுத்து வைத்தேன். டின் பால் எதையுமே அதற்கு முன் நான் திறந்து பார்த்ததில்லை, எங்களுக்கு எப்போதும் மாட்டுப் பால்தான்.

ஞாயிற்றுக்கிழமை விரதத்தின் மூன்றாம் நாள். பாலும் பழமும் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. மற்றவர்களுக்கு ஆக்கிப் போடலாம், ஆனால் ருசி பார்க்கக் கூடாது. பொதுவாகவே கை அளவில் சமைக்கிறவள் நான், அதனால் பயமில்லை. மாஜரீனை உருக்கி, பூண்டும் லீக்ஸும் வதக்கினேன். கொச்சிக்காய் எத்தனை என்றுதான் தெரியவில்லை. மூன்று வருஷமாகத் தொடாத சாமான், கை அளவு மறந்துபோயிருந்தது. நானா நல்லாப் போடச் சொன்னாரே என்று எட்டைக் கீறிப் போட்டேன். கண் எரிந்தது.

டீமேக்கர் ஐயா நேரத்தோடே வந்துவிட்டார். மிச்சமிருந்த ஒரு நூடுல்ஸ் கட்டியைக் கையில் எடுத்துப் புரட்டினார். விரலால் நெருடினார், ஒரு இழையை முறித்துக் காதோரம் வைத்துச் சத்தம் கேட்டார்.

"வாட்டல் பரவால்ல," என்றார். கொழுந்தை வாட்டுவதைச் சொல்கிற வார்த்தை அது. பொட்டலத்தின் அடியில் கிடந்த நொறுங்கலை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். "டஸ்ட்டு அதிகம். சல்லட சரியில்ல."

நூடுல்ஸைப் போட்டு, மசாலாவைத் தூவி, தண்ணீர் வற்றி வரும்போது சட்டியை இறக்கி வைத்து, டின்னைத் திறந்து ஊற்றினேன். பால் மஞ்சளாக, கட்டியாக, நாடா மாதிரி இறங்கியது. கிளறக் கிளற இழைகளெல்லாம் பளபளத்தன. அதுவரை நான் ஆக்கியதிலேயே அழகானது அதுதான். இன்றைக்கு நீ தோற்றாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முகம் மலர, அவர் முன்னால் தட்டை வைத்தேன்.

ஒரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார். இழுத்தார். நான் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒதுங்கி வழி விட்டேன்.

அவர் எழவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூக்கு சிவந்தது. காது சிவந்தது. தொண்டை முடிச்சு மேலே போய்க் கீழே வந்தது. விழுங்கிவிட்டார்.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். "உப்பு கச்சிதம் தங்கச்சி," என்றார். "பிரிஸ்க். இன்னுங் கொஞ்சம் வைங்க."

மூன்று தட்டுச் சாப்பிட்டார். கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு, வழக்கம்போல வாய் திறவாமல் தட்டைக் காலி செய்தார். முருகன் விரதத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கொடுப்பார் என்று யார் நினைத்தார்கள்?

அவர் போன பிறகு சட்டியைக் கழுவப் போனேன். சட்டியைச் சுற்றி எறும்பு. சுவரிலிருந்து வரிசை கட்டி வந்து, தட்டுகளிலும் கரண்டியிலும் மொய்த்துக் கொண்டிருந்தது. உப்பும் கொச்சிக்காயும் போட்ட சட்டிக்கு எறும்பு ஏன் வருகிறது? வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"ஏங்க, நூடுல்ஸ் எப்பிடி இருந்துச்சு? நெசத்தச் சொல்லுங்க."

யோசித்தார். "ஒறப்பான பாயசம் மாதிரி."

"இனிச்சுச்சா?"

"நல்லா இனிச்சுச்சு."

"ஏன் சொல்லல?"

"டீமேக்கர் ஐயாவே உப்பு கச்சிதம்னுட்டாரு. எனக்குத்தான் நாக்கு சரியில்லையோன்னு நெனச்சேன்."

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். அது இருக்கட்டும். சீனிப்பாலை ஊற்றிய நூடுல்ஸுக்கு உப்பு கச்சிதம் என்றால் என்ன அர்த்தம்? அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் காலை, அவர் ஸ்டோருக்குப் புறப்படுகிற நேரம், வேலியோரம் நின்று பால் இல்லாத பிளேன்டீ ஒரு கிளாஸை நீட்டினேன். அதில் சீனிக்குப் பதிலாக இரண்டு கரண்டி உப்பைப் போட்டிருந்தேன். முகத்தை மட்டும் இஸ்திரி போட்டது மாதிரி வைத்துக்கொண்டேன்.

நின்றபடியே மடமடவென்று குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை போலும், தடுமாறினார்.

"சீனி அளவாத்தான் இருக்கு," என்றார்.

"அது உப்புண்ணே."

டீமேக்கர் ஐயா கிளாஸைக் கையில் பிடித்தபடி குரோட்டன் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் அன்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றது எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நீங்க இங்க வர்றதுக்கு முந்தின வருஷம் ஒரு காச்ச வந்துச்சு," என்றார் மெல்ல. "பதுள ஆஸ்பத்திரியில மூணு வாரம். காச்ச போனப்ப மூக்கையும் நாக்கையும் சேத்துக் கொண்டுபோயிருச்சு. மண்ணத் தின்னாலும் ஒண்ணுதான், மாம்பழத்தத் தின்னாலும் ஒண்ணுதான்."

"அப்பறம் ஸ்டோருல எப்பிடி?"

"கொழுந்தக் கையால பாப்பேன். நெறத்தக் கண்ணால பாப்பேன். கோப்பையில ருசி பாக்குறப்ப சின்ன டீமேக்கர மொதல்ல குடிக்கச் சொல்லிட்டு அவன் மூஞ்சியப் பாப்பேன். மூஞ்சி பொய் சொல்லாது தங்கச்சி."

"என் சமையலு?"

"ஒங்க மூஞ்சியவிடச் சுலுவான மூஞ்சி இந்தத் தோட்டத்துலயே இல்ல. அடிப்பிடிச்சா புருவம் ரெண்டும் கூடிரும். உப்பு கூடுன அன்னைக்கு மூஞ்சிய ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டுத்தான் பரிமாறுவீங்க. நா ஒண்ணும் புதுசா சொல்லல. பிளாட்டுன்னு மொதல்ல நெனச்சது நீங்கதான்."

மூன்று வருஷம். பிளாட் என்றதற்காகப் புளியைக் கூட்டியிருக்கிறேன், ஸ்டூவி என்றதற்காக விறகைக் குறைத்திருக்கிறேன், ஒருதடவை அழுதும் இருக்கிறேன். எல்லாம் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"ருசிதான் தெரியாதே, அப்பறம் எதுக்குத் துப்புறீங்க?"

"துப்பலேன்னா டீமேக்கர்னு யாரு நம்புவா?"

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நேத்து மட்டும் ஏன் முழுங்குனீங்க?"

அவர் முகம் மாறியது. "நேத்து வாய்க்குள்ள ஏதோ நடந்துச்சு தங்கச்சி. ருசி இல்ல. ஆனா எரிஞ்சுச்சு. எரியிறப்பவே ஏதோ வழுவழுன்னு போய் அத அமத்துச்சு. மறுபடி எரிஞ்சுச்சு. நாலு வருஷத்துல மொத மொறையா, நா எதையோ திங்கிறேன்னு தெரிஞ்சுச்சு. அதத் துப்ப மனசு வரல."

நான் கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

"ருசி தெரியாமச் சோறு திங்கிற மனுசன், வாரா வாரம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"எங்க வீட்டு ரொட்டியும் ஒண்ணுதான், ஒங்க கொழம்பும் ஒண்ணுதான். ஆனா இங்க பாக்குறதுக்கு ரெண்டு மூஞ்சி இருக்கே." "வெளிய தெரிஞ்சா அன்னைக்கே வேல போயிரும். வீடும் போயிரும். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா மரியாதையாப் பென்ஷனுக்குப் போயிருவேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா இனிமே எங்க வீட்டுல துப்பக் கூடாது."

என் வீட்டுக்காரரிடமும் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும். படித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அடுத்த ஞாயிறிலிருந்து மெனு மாறியது. வீட்டுக்காரருக்கு மிளகு ரசம், டீமேக்கர் ஐயாவுக்கு நூடுல்ஸ். இந்தமுறை சீனியில்லாத பால். அது தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் நூடுல்ஸ் வற்றி வரும்போது அடுப்பை விட்டு இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் குழம்பாகக் கூடி வரும். அடுப்பில் வைத்து ஊற்றினால் திரைந்துபோகும். மசாலாத் தூளில் பாதியை முதலிலும் பாதியைக் கடைசியிலும் போட வேண்டும். கொச்சிக்காய் எட்டு. இதெல்லாம் ஒன்றும் அவருக்குத் தெரியாது, ஆனால் எரிவதும் அமர்வதும் சரியாக இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார். "இன்னிக்கி எரிச்ச முன்னாடி வந்துருச்சு, வழுவழுப்பு பின்னாடி வருது," என்பார். குரோட்டன் செடி அந்த வருஷம் இலை கொட்டியது.

சங்கடம் அடுத்த மாதம் வந்தது. எங்கள் தேயிலையில் ஒரு தொகுதி கருகல் வாசம் என்று கொழும்பிலிருந்து புகார். விசாரிக்க ஒரு பெரியவர் வருகிறார் என்று கடிதம் வந்தது. புகார் வந்த மாதிரியையும் வேறு தோட்டங்களின் ஐந்தையும் இடம் கலைத்து வரிசையாக வைப்பார், அதில் எது எங்களுடையது என்று டீமேக்கர் கண்டுபிடிக்க வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டிய சின்ன டீமேக்கரோ, மனைவிக்குப் பிரசவம் என்று லீவில் போய்விட்டார்.

"அந்தப் பெரியவரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்டேன்.

"போன தடவ வந்தப்ப பாத்தேன். செவுரு மாதிரி இருக்கும். ஒண்ணும் எழுதியிருக்காது." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "நூடுல்ஸுக்கு ரொம்ப நன்றி தங்கச்சி," என்றார். தூக்குக்குப் போகிறவர் பேசுகிற மாதிரி பேசினார்.

பெரியவர்கள் வரும் நாளில் உத்தியோகத்தர் வீடுகளிலிருந்து ஸ்டோருக்குப் பலகாரம் போவது வழக்கம். அன்று வடையை நானே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ருசி பார்க்கிற அறையில் வெள்ளைக் கோப்பைகள் ஆறு வரிசையாக இருந்தன. கொழும்புப் பெரியவர் ஒரு பக்கம், துரை ஒரு பக்கம், பேரேட்டோடு என் வீட்டுக்காரர் ஒரு மூலையில். டீமேக்கர் ஐயா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வடையை வைத்துவிட்டு நான் போகவில்லை. "ஐயா," என்றேன் பெரியவரிடம். "தோட்டத்துக்கு வந்து மூணு வருஷமாச்சு. எங்களுக்குக் குடுக்குறதெல்லாம் தூளு. நாங்க செய்யிற நல்ல தேத்தண்ணிய ஒரு வாய் நாங்க குடிச்சதில்ல. இன்னைக்கி ஒரு வாய் பாக்கலாமுங்களா?"

துரை திகைத்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் முதன்முதலாக ஒரு மாற்றத்தைக் கண்டேன். ரத்தம் சுத்தமாக இறங்கியிருந்தது. பெரியவர் சிங்களவர், ஆனால் தமிழ் பேசுவார். வடையை ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி, சரி, அம்மா குடிங்க," என்றார்.

முதல் கோப்பை நன்றாக இருந்தது, முகத்தை நன்றாக வைத்துக்கொண்டேன். எனக்குத் துப்பத் தெரியாது, விழுங்கினேன். நான் குடித்த பிறகு, எதிரே நின்ற டீமேக்கர் ஐயா இழுத்துத் துப்பினார். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது கோப்பை வாயில் பட்டதும் அடிப்பிடித்த பால் சட்டி நினைவுக்கு வந்தது. புருவம் இரண்டும் தானாகவே கூடின. நான் ஒன்றும் நடிக்கவில்லை, அவருடைய பாடமே அதுதானே. ஐந்தையும் ஆறையும் குடித்து முடித்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

டீமேக்கர் ஐயா கடைசிக் கோப்பை வரை போனார். ஒவ்வொன்றிலும் அன்றைக்கு அவர் இழுத்த இழுப்பு ஸ்டோர் இயந்திரத்தையும் தாண்டிக் கேட்டது. பிறகு நிதானமாகத் திரும்பி வந்து நான்காவது கோப்பையைக் கரண்டியால் தட்டினார்.

"இதுதான் சார் நம்மளது. பேக்கி. அடுப்புச் சூடு கூடிப்போச்சு. அந்தக் கெழம அடுப்புத் தட்டு ஒண்ணு ஒடஞ்சு மாத்துனோம்."

பெரியவர் தலையை ஆட்டினார். தட்டு உடைந்தது உண்மை. அதையும் பேரேட்டில் பார்த்தார். "நல்ல நாக்கு," என்றார் துரையிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு எப்படி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும். ஆறும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு," என்றேன்.

ஆறு கோப்பை சாயமும் வயிற்றில் போய், இரண்டு நாளைக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் டீமேக்கர் ஐயா நூடுல்ஸ் சாப்பிட வரும்போது பதுளைக்குப் போய் எனக்கு ஒரு கண்ணாடி வாங்கி வந்திருந்தார். முகம் பார்க்கிற கண்ணாடி. இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு வருஷத்தை அவர் ஓட்டிவிட்டார். மாலை போட்டு, போட்டோ எடுத்து, துரை கைகுலுக்கி அனுப்பினார். "இந்த நாக்கு மாதிரி இன்னொரு நாக்கு ஊவா மாகாணத்தில் கிடையாது," என்று துரை பேசியபோது நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு. மத்தியான ரயிலில் தெமோதரையிலிருந்து கண்டிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிட வந்தார்.

அன்றைய நூடுல்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அதில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு தடவை நானே ருசி பார்த்தேன். பால் கூடி வந்திருந்தது, காரம் அளவாக இருந்தது, உப்பு கச்சிதம். ஆனால் தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கும்போது என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள் என்று நினைத்தேன், கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, இன்னிக்கி உப்பு கூடிப்போச்சா?"

"ஆமாண்ணே," என்றேன். "கொஞ்சம் கூடிருச்சு."

"பரவால்ல," என்று முதல் வாயை எடுத்து, இழுக்காமல், கண்ணை மூடாமல், விழுங்கினார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் ஒரு வார்த்தை சொல்லாதவர், டீமேக்கர் ஐயாவின் தட்டிலிருந்து ஒரு இழையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு சரியாத்தானே இருக்கு," என்றார்.